மாமாட டிஸ்கவரியில விட்டு விட்டு வந்த காத்துப் பிழை: மட்டக்களப்பில மூண்டு கராச் ஏறின கதை

இந்த முறை மாமாங்கத் தீர்த்தத்துக்கு ஊரில நிக்கவேணும் எண்டு மூண்டு கிழமை லீவு எடுத்து சுவிஸ்ல இருந்து வந்தனான், அதில ரெண்டு கிழமை கிட்ட மாமாட வண்டியோடயே போயிட்டுது. ஆனா எழுதத்தான் வேணும் எண்டு நினைச்சன், ஏனெண்டா இதே மாதிரி, இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாக் காத்துப் பையில நிக்கிற காத்து சஸ்பென்ஷன் உள்ள பழைய வண்டி வச்சிருக்கிற ஆக்கள் ஊரில கொஞ்சப்பேர் இருக்கினம், அவையளுக்கு வெளியில இருந்து சல்லி அனுப்புற எங்களப்போல ஆக்களும் இருக்கிறம்.

வண்டி 2007ம் ஆண்டு லாண்ட் ரோவர் டிஸ்கவரி 3, 2.7 லீற்றர் டீசல். மாமாக்கு ஆயித்தியமலைக்கு அங்கால வயல். மாரியில ரோட்டுக்கு மேலால தண்ணி ஓடும், அந்த நேரம் பட்டனை அமத்தினா வண்டி 55 மில்லிமீற்றர் உயர்ந்து நிக்கும், அதுக்காகத்தான் மனிசன் இந்த வண்டிய விடமாட்டன் எண்டு நிக்கிறார். மாத்துவம் எண்டாலும் லேசில்ல, 2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிப்பாட்டி 2025 பெப்ரவரியிலதான் தனியார் வாகனத்துக்குத் திறந்துவிட்டவங்க, திறந்த பிறகும் வரியோட சேர்த்து விலையக் கேட்டா மாமா தலையில கை வைக்கிறார்.

பிழை என்னெண்டா, ஒரு நாள் வண்டி அருமையா ஓடும், அடுத்த நாள் வெள்ளெண எழும்பிப் பார்த்தா வண்டி நிலத்தோட குந்திக்கொண்டு நிக்கும். இன்னொரு நாள் நல்லா ஓடிக்கொண்டிருக்கேக்க செம்மஞ்சள் லைட் பத்தி, சஸ்பென்ஷன் பிழை, 50 கிலோமீற்றருக்கு மேல போகாத எண்டு எழுத்து வரும். எஞ்சினை நிப்பாட்டித் திருப்பி ஸ்டார்ட் பண்ணினா லைட் இல்ல. கராச்சுக்குக் கொண்டு போனா அங்க ஒரு நாளும் வராது. இதுதான் பெரிய தலையிடி.

நான் வாறதுக்கு முதலே ரெண்டு இடம் பார்த்தாச்சு. முதல் இடத்தில ஸ்கேனர் போட்டுப் பார்த்திருக்கினம், சீ 1 ஏ 20 எண்டு ஒரு கோட் வந்திருக்கு. அதிட அர்த்தம் காத்தச் சேத்து வைக்கிற தாங்கி நிரம்பேக்க அமுக்கம் மெதுவாத்தான் ஏறுது எண்டுறது. அத வச்சுக்கொண்டு காத்து அடிக்கிற கொம்ப்ரசர் போயிட்டுது எண்டு சொல்லி, கொழும்பு பஞ்சிகாவத்தையில இருந்து ஒரு ரீகண்டிஷன் கொம்ப்ரசர் எடுத்துப் போட்டு ஒண்டே முக்கால் லட்சம் எடுத்திட்டினம். ஒம்பது நாள் நல்லா இருந்தது, பத்தாம் நாள் திரும்ப லைட். பழைய கொம்ப்ரசரைக் கேட்டதுக்கு அது எறிஞ்சாச்சாம். எனக்கு இதுதான் சரியான கோவம், காசு குடுத்தவர் பழைய சாமானக் கேட்டா குடுக்கத்தானே வேணும். ரெண்டாவது இடத்தில பாக்கவே இல்ல, இந்தக் காத்துச் சாமான் எங்கட நாட்டுக்குச் சரிவராது, எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சிட்டு இரும்பு ஸ்பிரிங் போடுங்க எண்டு சொல்லிட்டினம். மாமாவும் ஓம் எண்டு சொல்லப்போன நேரம்தான் நான் வந்து இறங்கினன். ஸ்பிரிங் போடுறது பிழை எண்டு சொல்லேல்ல, கனபேர் போட்டு ஓடுறாங்க, ஆனா அந்த 55 மில்லிமீற்றர் அதோட போயிடும், பிறகு மாரியில மாமா என்ன செய்யிறது?

மறுகா ஒரு சொந்தக்காரர் சொல்லி ஆரையம்பதிப் பக்கம் ஒரு மெக்கானிக் பாஸிட்டப் போனம். வீட்டோட சேர்ந்த கொட்டில், மேல தகரம், பக்கத்தில மாமரம். சுனாமிக்குப் பிறகு ஊருக்கு வந்த உதவி நிறுவனங்கட வண்டியளில வேலை செய்து பழகின ஆள். பொனற்றத் திறக்கவே இல்ல மனிசன், முதல்ல ஒரு கதிரையப் போட்டு இருந்து மாமாட்டக் கேள்விதான் கேட்டார். லைட் வாறது காலமயா மத்தியானமா, நெல் மூட்டை ஏத்தினாப் பிறகா வெறும் வண்டியிலயா, குண்டு குழியில விழுந்த உடனயா, போன மாரியில எவ்வளவு தண்ணிக்குள்ள இறக்கினீங்க. மாமாக்குப் பாதி ஞாபகம் இல்ல. அப்ப பாஸ் சொன்னார், "ஐயா, ஒரு கொப்பி வாங்கி வண்டிக்குள்ள வையுங்க, லைட் வாற நேரமெல்லாம் நேரம், இடம், என்ன செய்தீங்க எண்டு எழுதுங்க, அஞ்சு நாளால வாங்க."

நான் லீவில வந்தவன், அஞ்சு நாள் எண்டதும் பொறுமை இல்லாமத்தான் இருந்தது. ஆனா அந்தக் கொப்பி இல்லாட்டி ஒண்டும் பிடிபட்டிருக்காது எண்டு இப்ப விளங்குது. அஞ்சு நாளில ஏழு தரம் லைட். நாலு தரம் வெள்ளாப்பில ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரத்தில, வண்டி இறங்கி நிண்ட நாளில. மூண்டு தரம் வயல் ரோட்டால வரேக்க, நல்ல வெயிலில, குழியில விழுந்து எழும்பின கையோட. பாஸ் அத வாசிச்சுப்போட்டு, "தம்பி, இது ஒரு பிழை இல்ல, ரெண்டு பிழை, லைட்தான் ஒண்டு" எண்டார்.

வேலை தொடங்க முதல் பெற்றரியப் பார்த்தார். இந்த வண்டிக் கொம்பியூட்டர் எல்லாம் பெற்றரி கொஞ்சம் இறங்கினாலே இல்லாத பிழையெல்லாம் சொல்லுமாம், அதால அது சரியா இருக்கு எண்டு தெரியாம மற்றதுகள நம்பேலாது. மாமாட பெற்றரி பாரம் குடுத்துப் பார்க்கேக்க விழுந்திட்டுது, புதுசு ஒண்டு போட்டம்.

அடுத்தது காத்து இறங்குற கதை. இதுதான் எனக்குப் புதுசாத் தெரிஞ்ச விசயம், கொஞ்சம் விளக்கமா எழுதுறன். இந்த வண்டியில ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு றப்பர் காத்துப் பை, ஒவ்வொரு சில்லுக்கும் உயரம் பாக்கிற சென்சர் ஒண்டு, இடது பக்கம் பின் சில்லுக்கு முன்னால அடியில கொம்ப்ரசர். வண்டிய பூட்டிப்போட்டு விட்டாலும் கொம்பியூட்டர் இடைக்கிடை முழிச்சுப் பார்க்கும், ஒரு மூலை இறங்கியிருந்தா வண்டி சரிவா நிக்கக்கூடாதெண்டு மற்ற மூண்டு மூலையிலயும் காத்த விட்டு அதே மட்டத்துக்கு இறக்கும். அதால காலம பார்க்கிற ஆளுக்கு நாலு மூலையும் இறங்கித் தெரியும், எங்க கசியுது எண்டு கண்டுபிடிக்கேலாது, உடன கொம்ப்ரசர்ல பழியப் போடுறது. பாஸ் என்ன செய்தார் எண்டா, பின்னேரம் வண்டிய சமமான சீமெந்துத் தரையில நிப்பாட்டி, சஸ்பென்ஷன் கொம்பியூட்டருக்குப் போற பியூஸைக் கழட்டி வச்சிட்டு, சில்லு நடுவில இருந்து மேல மட்கார்ட் விளிம்பு மட்டும் டேப் வச்சு அளந்து, ஒவ்வொரு சில்லுக்கு மேலயும் மாஸ்கிங் டேப் ஒட்டி அதில பேனையால நம்பர் எழுதினார். அடுத்த நாள் காலம போய் அளந்தா மூண்டு மூலை ரெண்டு மூண்டு மில்லிதான் வித்தியாசம், பின் இடது மட்டும் 41 மில்லி இறங்கியிருக்கு. நான் அந்த டேப்ப போட்டோ எடுத்து வச்சிருக்கன்.

பிறகு வண்டிய ஜக் அடிச்சு, ஸ்டாண்ட் வச்சு, அதுக்கும் மேல ரெண்டு பாலைமரக் குத்தியும் வச்சிட்டுத்தான் அடியில போனார். காத்த நம்பி ஒரு நாளும் அடியில போகக்கூடாது, குழாய் ஒண்டு கழண்டா அடுத்த செக்கன் அவ்வளவு பாரமும் நெஞ்சில இருக்கும் எண்டு தன்ட பொடியனுக்குத் திருப்பித் திருப்பிச் சொன்னார். பாத்திரம் கழுவுற சோப்பத் தண்ணியில கலக்கித் தெளிச்சுப் பார்த்தா பைக்கு மேல குழாய் பூருற இடத்தில சின்னச் சின்ன நுரை. அதுவும் குழாய ஒரு பக்கமாத் தள்ளினாத்தான் வருது, விட்டா நிக்குது. கழட்டிப் பார்த்தம், முந்தி ஆரோ அந்தக் குழாய வெட்டிப் பூட்டேக்க சரிவா வெட்டியிருக்கினம், நேரா வெட்டாட்டி உள்ளுக்க இருக்கிற றப்பர் வளையம் ஒரு பக்கம்தான் பிடிக்கும். பிளேட்டால நேரா வெட்டி, குழாயப் பிடிக்கிற பூட்டும் புதுசாப் போட்டதோட நுரை நிண்டிட்டுது.

கசியுற காத்த நிரப்ப கொம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கும், ஓடினா சூடாகும், இந்த கச்சான் காத்து வெக்கைக்குச் சொல்லத் தேவையில்ல, சூடானா தன்னைத்தானே நிப்பாட்டும், அப்ப தாங்கி நிரம்பாது, அந்த சீ 1 ஏ 20 வரும். கொம்ப்ரசருக்குக் கரண்ட் குடுக்கிற ரிலேயையும் உடைச்சுக் காட்டினார், உள்ளுக்க தகடு ரெண்டும் கரிஞ்சு கருவாடு மாதிரி. அது ஒட்டிப்பிடிச்சா நிக்கவேண்டிய நேரத்திலயும் கொம்ப்ரசர் ஓடுமாம், கொம்ப்ரசர் மாத்திற ஆள் இத மாத்தாம விடக்கூடாது எண்டார். காத்து வெளிய போற குழாயில வெள்ளைத் தூளும் வந்தது, அது ஈரத்த உறிஞ்சிற மணியள் உடைஞ்ச தூள், வால்வுக்குள்ள போனா வேற பிழை வரும். அந்த மணியையும் மாத்தி, குழாயளையும் ஊதிச் சுத்தமாக்கினார்.

ரெண்டாவது பிழைக்கு லப்டொப் போட்டார். சாதாரண மலிவு ஸ்கேனர் எஞ்சினைத்தான் வாசிக்கும், சஸ்பென்ஷனைப் பாக்க இந்த வண்டிக்கேற்றது வேணும், அது அவரிட்ட இருந்தது. நாலு சில்லுட உயரமும் திரையில ஓடுது. பொடியன் அடியில போய் வயர ஒவ்வொண்டா ஆட்டுறான், பாஸ் திரையப் பார்க்கிறார், முன் வலது சென்சர் வயரத் தொட்டதும் நம்பர் துள்ளிப் பாய்ஞ்சு திரும்ப வந்து நிண்டது. நான் என்ட கண்ணால கண்டன். இவ்வளவு நாளா ஒருத்தருக்கும் தெரியாத பிழை அந்த ஒரு துள்ளல்தான். பிளக்கக் கழட்டினா உள்ளுக்க ஊசி பச்சை பிடிச்சு மாவாக் கொட்டுது, போன மாரித் தண்ணிட வேலை. துப்புரவாக்கி கிறீஸ் வச்சும் நம்பர் இடைக்கிடை துள்ளினதால சென்சரையும் மாத்தச் சொன்னார். கொழும்பில இருந்து இரவு பஸ்ஸில பார்சல் போட்டு, காலம பஸ் ஸ்டாண்டில போய் எடுத்தன், ரிலேயும் அதோடதான் வந்தது. பூட்டின பிறகு நாலு மூலையும் அளந்து உயரத்தத் திருப்பிப் பதிஞ்சார்.

கூலி 18,000 ரூபா, சாமான் காசு வேற, துண்டில ஒவ்வொண்டா எழுதித் தந்தார். கழட்டின ரிலே, சென்சர், வெட்டின குழாய்த்துண்டு எல்லாம் ஒரு ஷொப்பிங் பேக்கில போட்டு மாமாட கையில குடுத்தார், நாங்க கேக்கவும் இல்ல.

லீவில வாற ஆக்களுக்கு நான் சொல்லுறது, வந்து மூண்டு நாளில முடிச்சுத் தா எண்டு நிக்காதீங்க, இந்த மாதிரிப் பிழைக்கு வண்டி ஒரு இரவாவது கராச்சில நிக்கவேணும். வரேக்க ரிலே, குழாய்ப் பூட்டு, றப்பர் வளையம் மாதிரிச் சின்னச் சாமான் கொண்டு வாங்க, பாரமும் இல்ல, ஊரில அதுகளுக்குத்தான் கனநாள் காவல் இருக்கவேண்டிக்கிடக்கு.

போறதுக்கு முதல் நாள் மண்முனைப் பாலத்தால கொக்கட்டிச்சோலைக் கோயிலுக்குப் போய், அங்கால வயல் வரைக்கும் ஓடிப்போட்டு வந்தம், லைட் வரேல்ல. நான் திரும்பி சுவிஸுக்கு வந்து இப்ப ஏழு கிழமை. மாமா ஞாயிறு தவறாமக் கொப்பிய போட்டோ எடுத்து அனுப்புறார், திகதி மட்டும்தான் இருக்கு. போன கிழமை மட்டும் ஒரு வரி எழுதியிருந்தார், முன் இடது 6 மில்லி இறக்கம் எண்டு. பாஸிட்டக் காட்டினவராம், இப்ப ஒண்டும் செய்யவேணாம், மாரிக்கு முதல் ஒரு இரவு கொண்டு வந்து விடுங்க எண்டு சொன்னாராம்.