டிஃபரண்ட் ஃப்ரமா, டிஃபரண்ட் டுவா?

'வேறுபட்டது' என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது பலர் இங்கேதான் தயங்கி நிற்கிறார்கள். இரண்டுமே தவறில்லை. ஆனால் இரண்டுக்கும் ஒரே மதிப்பு கிடையாது.

எங்கே செல்லும்?
ஃப்ரம்: எல்லா நாட்டு ஆங்கிலத்திலும்.
டு: பெரும்பாலும் பிரிட்டனில், அதுவும் பேச்சில். அமெரிக்கர் காதுக்கு இது கொஞ்சம் இடிக்கும். அவர்கள் ஃப்ரம் தவிர டிஃபரண்ட் தேன் (than) என்றும் சொல்வார்கள்.

எது எளிதில் மனதில் நிற்கும்?
ஃப்ரம்: நமக்கு இதுதான். 'அதிலிருந்து வேறுபட்டது' என்கிறோமே, அந்த 'இருந்து'வை அப்படியே வைத்துக்கொள்ளலாம். தமிழ் இப்படிக் கைகொடுப்பது அபூர்வம். 'அவரோடு திருமணம்' என்று நினைத்துத்தான் மேரீட் டு என்பதை மேரீட் வித் ஆக்கிவிடுகிறோம். டிஃபர் என்ற வினைச்சொல்லும் ஃப்ரமையே கேட்கும், டுவை ஏற்காது.
டு: சிமிலர் டு நன்றாகப் பழகியவர்களுக்குத் தானாக வரும்.

தேர்வு, வேலை விண்ணப்பம், கட்டுரை என்றால் ஃப்ரம். பிரிட்டிஷ் நண்பர்களோடு அரட்டை என்றால் டு தாராளமாகப் போதும். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்களா? முதலில் ஃப்ரம் மட்டும் சொல்லுங்கள். அது நாக்கில் படிந்த அப்புறம் மற்றதைக் காட்டலாம்.