பி.எஸ்.ஏ. ஏறிவிட்டது, அடுத்து எந்த ரத்தப் பரிசோதனை?

பெரியப்பாவுக்கு 66 வயது. மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பி சுரந்து ரத்தத்தில் கலக்கும் ஒரு புரதத்தின் அளவு) 6.4, தடித்த எழுத்தில், பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. கூடவே ஒரு குரல் பதிவு: "இது கேன்சராடா?"

அவருக்காக உட்கார்ந்து படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பி.எஸ்.ஏ. ஏறிய பிறகு, பயாப்ஸி ஊசிக்கு முன்னால் செய்து பார்க்க வேறு சில ரத்தப் பரிசோதனைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே கேள்வியை வைத்து எடைபோட்டேன்: உயிருக்கு உலை வைக்கிற வகைப் புற்றுநோயை இது காட்டிக்கொடுக்குமா? புராஸ்டேட்டில் முளைக்கும் கட்டிகளில் பல மிக மெதுவாக வளர்பவை. பயாப்ஸி திசுவைப் பார்த்துத் தரும் க்ளீசன் மதிப்பெண் 6 என்றால் பெரும்பாலும் கண்காணித்தாலே போதும். 7-லிருந்துதான் கவலை தொடங்குகிறது. பிரிட்டனில் 1,643 பேரை 15 ஆண்டுகள் பின்தொடர்ந்த ப்ரோடெக்ட் ஆய்வில், அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு ஆகிய மூன்று பிரிவுகளிலும் இந்நோயால் இறந்தவர்கள் ஏறக்குறைய 3 சதவீதம்தான். ஆகவே சாதுவான கட்டியைத் தோண்டி எடுத்துக் கையில் கொடுக்கும் டெஸ்ட், உதவியைவிட உபத்திரவத்தையே அதிகம் செய்யும்.

முதலில் பி.எஸ்.ஏ.வையே பார்ப்போம். சுரப்பி வீங்கினாலும் இது ஏறும், சிறுநீர்த் தொற்று வந்தாலும் ஏறும், புற்றுநோயாலும் ஏறும். 4-லிருந்து 10-க்குள் இருப்பவர்களில் நான்கு பேருக்கு பயாப்ஸி செய்தால் சுமார் மூன்று பேருக்குப் புற்றுநோய் இருக்காது. சரி, 4-க்குக் கீழே இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாமா? 2004-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 4-ஐத் தாண்டாத 2,950 பேருக்கு பயாப்ஸி செய்தபோது 449 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. அதில் 67 பேருக்கு க்ளீசன் 7 அல்லது அதற்கு மேல். மிக மூர்க்கமான சில கட்டிகள் பி.எஸ்.ஏ.வைக் குறைவாகவே சுரக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த எண்ணை மட்டும் நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்பது புரியும். ஆனாலும் மலிவு, எங்கும் கிடைக்கும். வாசற்கதவு இதுதான்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வேறு எந்த டெஸ்டுக்கும் பணம் கட்டுவதற்கு முன், இதே பி.எஸ்.ஏ.வைச் சில வாரங்கள் விட்டு இன்னொரு முறை எடுங்கள். தொற்று இருந்திருந்தால் அது ஆறி, எண் இறங்க ஆறு வாரமாவது ஆகும். எடுப்பதற்கு இரண்டு நாள் முன்பிருந்து சைக்கிள் மிதிப்பதையும் தாம்பத்தியத்தையும் தள்ளிவைக்கச் சொல்வார்கள். வீக்கத்துக்கு ஃபினாஸ்டரைடு, டூடாஸ்டரைடு மாத்திரை மாதக்கணக்கில் போடுகிறவர்களுக்கு பி.எஸ்.ஏ. பாதியாகக் குறைந்து காட்டும். ரிப்போர்ட்டில் 3 என்றிருந்தால் 6 என்று படிக்க வேண்டும். மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் காட்ட மறந்தால் இது யார் கண்ணிலும் படாமலே போய்விடும்.

அடுத்தது ஃப்ரீ பி.எஸ்.ஏ. ரத்தத்தில் பி.எஸ்.ஏ.வின் பெரும்பகுதி வேறு புரதங்களோடு ஒட்டிக்கொண்டு திரியும். ஒரு பகுதி தனியாக இருக்கும். புற்றுநோயில் அந்தத் தனிப்பகுதியின் பங்கு குறையும். 1998-ல் அமெரிக்க யூராலஜிஸ்ட் வில்லியம் கேட்டலோனாவின் குழு கண்டது இது: மொத்த அளவு 4 முதல் 10 வரை உள்ளவர்களில், தனிப்பகுதி 25 சதவீதமோ அதற்குக் கீழோ இருப்பவர்களுக்கு மட்டும் பயாப்ஸி செய்தால் 95 சதவீதப் புற்றுநோய்கள் அகப்படும், தேவையற்ற பயாப்ஸிகளில் ஐந்தில் ஒன்று மிச்சமாகும். நல்லதுதான். ஆனால் வீக்கமா, புற்றுநோயா என்று பிரிக்கத்தான் இது உதவுகிறது. சாதுவா, மூர்க்கமா என்று கேட்டால் தடுமாறுகிறது.

பி.எச்.ஐ. (புராஸ்டேட் ஹெல்த் இண்டெக்ஸ்) அங்கிருந்து ஒரு படி மேலே போகிறது. தனிப்பகுதிக்குள்ளேயே புற்றுநோயோடு கூடுதலாகச் சேர்ந்து வரும் ப்ரோ-பி.எஸ்.ஏ. என்ற வடிவத்தை அளந்து, அதை ஃப்ரீ பி.எஸ்.ஏ.வால் வகுத்து, மொத்த பி.எஸ்.ஏ.வின் வர்க்கமூலத்தால் பெருக்குகிறார்கள். கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் விளங்கும். இரண்டு பேருக்கும் பி.எஸ்.ஏ. 9, ப்ரோ-பி.எஸ்.ஏ. 18 (இதை ஆயிரம் மடங்கு சிறிய அலகில் அளப்பதால் எண் பெரிதாகத் தெரிகிறது) என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு ஃப்ரீ 2.25, 18-ஐ வகுத்தால் 8, மூன்றால் பெருக்கினால் 24. இன்னொருவருக்கு ஃப்ரீ 0.9, வகுத்தால் 20, பெருக்கினால் 60. 27-க்குக் கீழே என்றால் பயாப்ஸியில் புற்றுநோய் தென்படும் வாய்ப்பு பத்தில் ஒன்று; 55-ஐத் தாண்டினால் இரண்டில் ஒன்று. ஒரே பி.எஸ்.ஏ.வோடு வந்த இருவர் இப்படி வேறு வேறு திசைக்குப் பிரிகிறார்கள். எண் ஏற ஏற, வீரியமான வகைக்கான வாய்ப்பும் ஏறுகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2012-ல் இதற்கு அனுமதி தந்தது.

4கே ஸ்கோர் நான் கேட்ட கேள்விக்கே நேராகப் பதில் சொல்வதற்காக உருவானது. மொத்தம், ஃப்ரீ, இன்டாக்ட் என மூன்று வகை பி.எஸ்.ஏ., அதோடு எச்.கே.2 என்ற உறவுக்காரப் புரதம். வயது, டாக்டர் ஆசனவாய் வழியாகச் சுரப்பியைத் தொட்டுப் பார்க்கும் விரல் பரிசோதனையின் முடிவு, முன்பு பயாப்ஸி ஆனதா என்பதையும் சேர்த்து, க்ளீசன் 7 அல்லது மேல் இருக்க எத்தனை சதவீத வாய்ப்பு என்று சொல்லிவிடும். கையில் வாங்கிப் படிப்பவருக்கு இதைவிடத் தெளிவான ரிப்போர்ட் கிடையாது.

அப்படியென்றால் 4கே-தான் ஜெயித்ததா? 2015-ல் ஸ்டாக்ஹோமில் 531 பேரிடம் 4கே, பி.எச்.ஐ. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். ஏறத்தாழச் சமம். எதைப் பயன்படுத்தினாலும் 29 சதவீத பயாப்ஸி மிச்சம். எதைப் பயன்படுத்தினாலும் வீரியமான கட்டி உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்குக் கண்டுபிடிப்பு தாமதமாகும். அந்தப் பத்தில் ஒருவரை நினைத்தால் மனசு கனக்கிறது. "பயாப்ஸி வேண்டாம்" என்று முடிவானவர்களும் கண்காணிப்பை விடக் கூடாது என்று டாக்டர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். எனக்கு பி.எச்.ஐ.யே போதும் என்று தோன்றுகிறது. மூன்று அளவுகள், ஒரு கணக்கு, அவ்வளவுதான்.

ஸ்டாக்ஹோம்3 வேறு ரகம். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் ஹென்ரிக் க்ரோன்பெர்க் குழு உருவாக்கியது. புரதங்களோடு இருநூறுக்கும் மேற்பட்ட மரபணு வேறுபாடுகளையும் குடும்ப வரலாற்றையும் பார்க்கும். 58,818 பேர் பங்கேற்ற ஆய்வில், வீரியமான புற்றுநோய்களை பி.எஸ்.ஏ.வைவிட அதிகமாகத் தவறவிடாமலே பயாப்ஸிகளை 32 சதவீதம் குறைக்கலாம் என்று கண்டார்கள். பி.எஸ்.ஏ. 3-க்குக் கீழே பதுங்கியிருப்பவர்களையும் தேடும் திறன் இதற்கு உண்டு. இதுதான் இதன் பெரிய பலம். ஸ்வீடன்காரர்களை வைத்துச் செய்த மரபணுக் கணக்கு மற்றவர்களுக்குப் பொருந்துமா என்ற சந்தேகம் நியாயமானது. 2024-ல் வெளியான வட அமெரிக்க ஆய்வு, கறுப்பின, ஆசிய, ஹிஸ்பானிக் ஆண்களைச் சேர்த்து 2,129 பேரிடம் சோதித்து ஓரளவு பதில் தந்திருக்கிறது.

ரத்தத்தைத் தாண்டி எம்.ஆர்.ஐ. இருக்கிறது. மேலே சொன்ன எதுவும் கட்டி எந்த இடத்தில் என்று காட்டாது, அது காட்டும்.

பி.எச்.ஐ. எடுப்பவர்கள் லேபில் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் எடுத்த மூன்று மணி நேரத்துக்குள் சீரத்தை (ரத்தம் உறைந்த பின் மிஞ்சும் தெளிந்த நீரை) பிரித்துவிட வேண்டும். தாமதித்தால் ப்ரோ-பி.எஸ்.ஏ. பொய்யாக ஏறும். பெரியப்பா ரத்தம் கொடுத்த கலெக்‌ஷன் சென்டரில், "சாயங்காலம் வண்டி வரும் சார், மொத்தமா அனுப்பிடுவோம்" என்றார்கள். டியூபைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவரை, மறுநாள் காலை ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜ் இயந்திரம் உள்ள லேபுக்கே நேரில் கூட்டிப்போனேன்.

இரண்டாவது பி.எஸ்.ஏ. 5.8. பி.எச்.ஐ. 31. எம்.ஆர்.ஐ.யில் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. பயாப்ஸி இப்போதைக்கு வேண்டாம் என்றார் யூராலஜிஸ்ட். ஆறு மாதம் கழித்து அடுத்த பி.எஸ்.ஏ. பெரியப்பா காலண்டரில் தை மாதத் தாளை மடித்து வைத்திருக்கிறார்.