மாமி வீட்டு மாடி: பலகையை வைப்பதா, டைல்ஸ் போடுவதா?

திருகோணமலையில் மாமி வீடு கடற்கரைக்குக் கிட்ட. மேல்மாடி முழுக்கப் பலகைத் தளம். அதுவும் ஒரு பலகை மஞ்சள், அடுத்தது கறுப்பு. மஞ்சள் முதிரை மரமும் கறுப்புக் கருங்காலியும் மாறிமாறி. ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தால் முதிரையில் பட்டுச்சேலை மாதிரி ஒரு மினுக்கம் ஓடும். தாங்கி நிற்பவை சமண்டலை உத்தரங்கள். வெள்ளைக்காரர் ‘ட்ரிங்கோமலி வுட்’ என்று ஊர்ப் பேரிலேயே அழைத்த மரம் அது.

மச்சானுக்கு டைல்ஸ்தான் வேண்டும். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கச்சான் எனும் வறண்ட தென்மேல் காற்று அடிக்கும் மாதங்களில் பலகை வற்றி இடுக்கு விழும். மேலே கூட்டினால் தூசி கீழே சாப்பாட்டு மேசையில். வாடை மழைக்கு ஊறித் தானாக மூடிக்கொள்ளும். டைல்ஸ் என்றால் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவலாம்.

சரி, பாரம்? இரண்டு அங்குலச் சாந்தும் டைல்ஸும் சேர்ந்தால் சதுர மீற்றருக்கு 120 கிலோ அளவில் வரும். 12க்கு 14 அடி அறை ஒன்றுக்கே 1,900 கிலோ கிட்ட. பழைய உத்தரத்தின் தலையில் அதை ஏற்ற எனக்குத் துணிவில்லை. மரம் பருவத்துக்குப் பருவம் அசையும், சாந்து அசையாது, வெடிப்பு நிச்சயம். கீழ்த்தளத்துக்குத் தாராளமாகப் போடட்டும்.

மரம் மாதிரித் தெரியும் லேமினேட் தளம் பற்றி அதிகம் பேச வேண்டாம். உள்ளே இருப்பது அழுத்திய மரத்தூள். எங்கள் வீட்டில் ஜன்னலோரம் போட்டது ஒரே மாரியில் அப்பளமாய் எழும்பிவிட்டது.

பழைய பலகையைத் திருத்துவதிலும் சிக்கல் உண்டு. உப்புக்காற்றில் இரும்பாணிகள் துருப்பிடித்து மஞ்சள் பலகையில் கறை இறக்கியிருந்தன. பித்தளை ஸ்குரூ மாற்றினோம். மெஷின் போட்டுத் தேய்க்கலாமா என்றதற்குத் தச்சுவேலை செய்த ஓடாவியார் தலையாட்டவில்லை. “கருங்காலித் தூள் முதிரைக்குள் இறங்கினால் பிறகு கழுவினாலும் போகாது, தம்பி.” கண்ணாடித் துண்டால் பலகை பலகையாகச் சுரண்டினார். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்புக் கொடுக்கும், எனக்குக் கொடுத்தது. நாட்கள் இழுத்தன, கூலியும் கூடியது. இருந்தாலும் மாடிக்கு என் தெரிவு பலகைதான்.

நான்கு கறுப்புப் பலகைகள் உளுத்திருந்தன. கருங்காலியை இன்று வெட்ட விடமாட்டார்கள். அப்புறம் ஓடாவியார்தான் வழி சொன்னார்: பெரிய அலுமாரிக்கு அடியில் இருந்த நான்கைக் கழற்றி நடுக்கூடத்தில் போட்டார். அலுமாரிக்குக் கீழே இப்போது வேப்பம்பலகை.