காசில் ஹவர்ட்: ஒரு படை கேப்டன் கட்டிய மாளிகை

இங்கிலாந்தில் யார்க் பக்கம் போகிறவர்கள் ஒரு முழுப் பகலை காசில் ஹவர்டுக்கு ஒதுக்குங்கள். யார்க்கிலிருந்து வடகிழக்கே 15 மைல், பக்கத்து ஊர் மால்டன். கட்டட வரைபடம் போடுவதுதான் என் பிழைப்பு. பெரிய மாளிகைகள் நிறையப் பார்த்தாயிற்று, ஆனால் திரும்பத் திரும்பப் போவது இதற்கு மட்டும்தான். காரணம், இதைக் கட்டிய ஆள்.

ஜான் வான்ப்ரூ (1664-1726) இந்தத் தொழிலைப் படித்தவரே இல்லை. வாலிபத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக சூரத்தில் வேலை பார்த்தார். 1686-இல் காலாட்படை அதிகாரி. 1688-இல் கலே நகரில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து உள்ளே போட்டார்கள். வின்சென், பாஸ்டில் என்று சிறை மாறி 1692-இல்தான் விடுதலை. அப்புறம் கப்பற்படையோடு போய்ச் சண்டை போடும் மரீன் பிரிவில் கேப்டன், கூடவே லண்டன் மேடைக்கு நகைச்சுவை நாடகங்கள். இப்படிப்பட்டவரை நம்பித்தான் 1699-இல் மூன்றாம் கார்லைல் பிரபு தன் மாளிகையை ஒப்படைத்தார். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்னிடம் தேர்ந்த கட்டடக் கலைஞர் ஹாக்ஸ்மூர் கூட இருந்து வரைபடங்களையும் வேலை நுணுக்கத்தையும் கவனித்துக்கொண்டார். அவர் இல்லாமல் இந்த வீடு எழும்பியிருக்காது. ஆனால் இந்தத் துணிச்சல் வான்ப்ரூவுடையது.

காரில் போனால் ஏ64 நெடுஞ்சாலையிலிருந்து, தெற்கு வழியாக வாருங்கள். மரங்களுக்கு நடுவே மேடும் பள்ளமுமாக, நேர்கோட்டில் ஓடும் சாலை. வழியில் 1719-இல் வான்ப்ரூ எழுப்பிய பிரமிடு வாசல், அதையொட்டிக் கோட்டை மதிலும் கோபுரங்களும். எந்த எதிரியும் வரப்போவதில்லை, அலங்கார மதில்தான். இருந்தாலும் கோட்டை கொத்தளங்களை நேரில் பார்த்தவர் கை அது என்று எனக்குத் தோன்றும். இன்னும் மேலே போனால் ஆங்கிலப் படைத்தலைவர் மார்ல்பரோ பிரபுவின் போர் வெற்றிகளுக்காக 1714-இல் நிறுத்திய தூண். அங்கே வண்டியை விட்டு இறங்கி ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

வீட்டுக்குள் போகாமல் தோட்டம் மட்டும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். நடு மண்டபத்துக்காகவே உள்ளே போகலாம். தலைக்கு மேல் குவிமாடம். கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் உரியதை ஒரு தனியார் வீட்டின் தலையில் தூக்கி வைத்திருக்கிறார். இரு பக்கமும் வளைவுகளுக்குப் பின்னால் படிக்கட்டுகள் ஏறுவது தெரியும். ஒருவர் படியேறிப் போனால், வளைவுக்குள் தோன்றி, தூணுக்குப் பின்னால் மறைந்து, மறுபடி மேலே தெரிவார். நாடகக்காரர் போட்ட மேடை! 1940-இல் தீப்பிடித்துக் குவிமாடம் இடிந்து விழுந்தது. இன்று அண்ணாந்து பார்க்கும் ஃபேத்தன் ஓவியம் (கிரேக்கக் கதையில் சூரியனின் தேரை ஓட்டப் போய் விழுந்த மகன்), இத்தாலிய ஓவியர் பெல்லெக்ரினி வரைந்ததைப் பார்த்து 1960-களில் மறுபடி தீட்டியது.

சிலைகள் நிற்கும் நடை, நீளக் கூடம், சிற்றாலயம் எல்லாம் உண்டு, நன்றாகவே இருக்கின்றன. அறைகளில் நிற்பவர்களிடம் கேள்வி கேளுங்கள், ஆர்வமாகச் சொல்கிறார்கள்.

வெளியே வந்ததும் வடக்கு முகப்பையும் தெற்கு முகப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தூண்களைக் கவனியுங்கள்: வடக்கே கனமான, எளிய டோரிக் பாணி, தெற்கே தலைப்பில் இலைவேலை செய்த கொரிந்தியன். ஒரே வீட்டில் இரண்டு பாணி! இரண்டு முகப்பும் ஒரே நேரத்தில் கண்ணில் படாது என்பதால் துளியும் உறுத்தவில்லை. மேற்கு இறக்கைதான் எனக்கு ஆறாத வருத்தம். வான்ப்ரூ இறந்து பல ஆண்டுகள் கழித்து, பிரபுவின் மருமகன் தாமஸ் ராபின்சன் அதைப் பல்லாடியன் பாணியில் (இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோவின் வழியில், அடக்கமாக) கட்டினார். கிழக்கோடு ஒட்டவே இல்லை. புல்வெளியில் தள்ளி நின்று பார்த்தால் யாருக்கும் தெரியும்.

நல்ல செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், நான்கு காற்றுக் கோயில் வரை நடக்க வேண்டும். பெயர்தான் கோயில், உண்மையில் தோட்ட மண்டபம். வான்ப்ரூவின் கடைசி வேலைகளில் ஒன்று, அவர் போன பிறகே முடிந்தது. அங்கிருந்து, எதிர்க் குன்றில் ஹாக்ஸ்மூர் கட்டிய கல்லறை மண்டபம் தெரியும். தேவாலயத்துக்குள் புதைப்பதை விட்டு, சூரத்தில் ஆங்கிலேயர் செய்வதுபோல ஊருக்கு வெளியே கல்லறை கட்டலாம் என்று 1711-இலேயே எழுதியவர் வான்ப்ரூ. கார்லைல் பிரபு அப்படித்தான் திறந்தவெளியில் தனக்கு இடம் தேடிக்கொண்டார். திரும்பும் வழியில் தொழுவ முற்றத்துக் கஃபேயில் டீயும் ஸ்கோனும் சாப்பிடலாம்.