தவளைச் சீட்டு மட்டும் எப்போதும் தோற்கிறது

தஞ்சாவூர் புத்தகக் கண்காட்சியில் 320 ரூபாய்க்கு வாங்கிய சீட்டுக்கட்டு இது. பதிப்பகத்தின் பெயர் வேண்டாம், சின்ன ஆட்கள், நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறார்கள். மொத்தம் 48 சீட்டு, எல்லாம் தமிழ்நாட்டு உயிரினங்கள். எதற்குப் பாதுகாப்பு அதிகம் தேவையோ அதற்கு மதிப்பெண் அதிகம். சின்ன வயதில் நாம் ஆடிய மல்யுத்தச் சீட்டு மாதிரி, பெரிய எண் வைத்திருப்பவர் எதிராளியின் சீட்டை அள்ளிக்கொள்ளலாம்.

அட்டை நல்ல தடிமன். ஒரு மாதமாக என் மகளும் தெருப் பிள்ளைகளும் திண்ணையில் போட்டு அடித்தும் மூலை மடங்கவில்லை. கடல் பசுவுக்கு நம் கரையோரத்துப் பெயரான ஆவுளியாவையே போட்டிருக்கிறார்கள், அதற்காக 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்பகமாக அறிவித்த சேதியும் இருக்கிறது. அதெல்லாம் சரி.

கோளாறு மதிப்பெண்ணில். எந்த இனம் அழியும் ஆபத்தில் எவ்வளவு இருக்கிறது என்று உலக அளவில் தரம் பிரிக்கும் பட்டியல் ஐயூசிஎன் (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) செம்பட்டியல். அந்தத் தரத்தை அப்படியே எண்ணாக்கிவிட்டார்கள். வெண்முதுகுப் பாறுக் கழுகுக்கு 5, வரையாட்டுக்கு 4, பங்குனி ஆமைக்கும் ஆற்றில் திரியும் நீர்நாய்க்கும் 3. வெளிமானுக்கு வெறும் 1! கோடியக்கரைச் சரணாலயத்தை 1967இல் தொடங்கியதே முக்கியமாக அதற்காகத்தான், நம் வனவிலங்குச் சட்டத்தில் அது உச்சப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது. உலகத்தில் ஓர் இனம் அழியும் ஆபத்து எவ்வளவு என்பது ஒரு கணக்கு, இங்கே எதற்கு முதலில் காசும் ஆளும் போடுவது என்பது வேறு கணக்கு, செம்பட்டியல்காரர்களே அப்படித்தான் சொல்கிறார்கள்.

இதைவிட மோசம், தகவல் போதாத இனங்களுக்கு 0. காலில்லாமல் மண்புழு மாதிரி மண்ணுக்குள் கிடக்கும் மலைச் சிசிலியன் ஒன்றைப் பற்றி யாரும் சரியாக ஆராயவில்லை என்றால், அது சௌக்கியமாக இருக்கிறது என்றா அர்த்தம்? 2023இல் வந்த உலகக் கணக்கெடுப்பில் தவளை, சிசிலியன் போன்ற நீர்நில வாழ்விகளில் 8,011 இனங்களைப் பார்த்து நூற்றுக்கு 41 ஆபத்தில் என்றார்கள், அதைக் கூடவே தந்த கையேட்டில் அச்சடித்துவிட்டுச் சீட்டில் முட்டை போட்டிருக்கிறார்கள். நாங்கள் அதை ஜோக்கராக்கிவிட்டோம், எதையும் வெட்டும்.

அப்புறம் நம் வயல் தவளை. அதற்கும் 1, எந்தச் சீட்டோடு மோதினாலும் ஜெயிக்காது. “தவளய நீங்களே வெச்சுக்குங்கப்பா” என்று மகள் என் பக்கம் தள்ளிவிடுவாள். கால் ஏற்றுமதிக்காக ராத்திரியில் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு வந்து சாக்குச் சாக்காகப் பிடித்துப் போனதை என் அப்பா இன்றைக்கும் சொல்வார், 1987இல் மத்திய அரசு ஏற்றுமதியைத் தடை செய்த பிறகுதான் அது நின்றது. பயிரைத் தின்னும் பூச்சியை இந்தத் தவளைதான் தின்றுகொண்டிருந்தது. சீட்டில் இதில் ஒரு வரி கூட இல்லை, படமும் சாணி நிறத்தில்.

போன வாரம், பருவத்தின் முதல் பெருமழை பெய்த ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு மகளோடு கொல்லைப் பக்கம் போனேன். வாய்க்கால் நீரில் ஆண் தவளைகள் எலுமிச்சம்பழ மஞ்சளில் மிதக்கின்றன, கத்தும்போதெல்லாம் தாடையின் இரு பக்கமும் நீலப் பை உப்பி உப்பி அடங்குகிறது. திரும்பி வந்தவள் ஸ்கெட்ச் பேனாவால் சீட்டில் மஞ்சள் தீட்டிவிட்டாள், 1ஐ மட்டும் விட்டுவிட்டாள்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். விதியை நீங்களே மாற்றிக்கொள்ளத் தயாராக இருந்தால் வாங்கலாம். பதிப்பகத்தார் கண்ணில் இது பட்டால், அடுத்த அச்சில் தவளைக்குக் கொஞ்சம் மஞ்சள் மை செலவழியுங்கள்.