பேனல் மீட்டரைக் கணினியோடு இணைக்க எந்த வழி?

எங்கள் மில்லில் மணிக்கொரு தடவை ஒருவர் நோட்டும் பேனாவுமாக மின் பேனல் முன் நின்று, அதில் பதித்த மீட்டர்களின் ரீடிங்கை எழுதிக்கொண்டிருந்தார். இரவு ஷிப்டில் தூக்கத்தோடு எழுதிய எண்களை வைத்துக்கொண்டு டிமாண்ட் (மில் இழுக்கும் மின்சுமை) எப்போது ஏறியது என்று தேடுவது நடக்காத காரியம். மீட்டரையே கணினியோடு பேச வைத்துவிடலாம் என்று இறங்கினோம். நான்கு வழிகள் இருக்கின்றன.

முதலில் மீட்டரைத் திருப்பிப் பின்பக்க டெர்மினலைப் பாருங்கள். அங்கே என்ன இருக்கிறதோ, அதுதான் பாதி முடிவு. வாங்கும்போது விட்ட போர்ட்டைப் பல மாடல்களில் பிறகு சேர்க்க முடியாது.

பல்ஸ் அவுட்புட்தான் இருப்பதிலேயே எளிது. இத்தனை யூனிட்டுக்கு இத்தனை துடிப்பு என்று மீட்டர் கொடுக்கும், நாம் எண்ணிக்கொள்ள வேண்டும். வோல்டேஜ், ஆம்பியர் எதுவும் தெரியாது. எண்ணும் பெட்டி நின்றுபோன நேரத்தில் வந்த துடிப்புகள் போனது போனதுதான். யூனிட் கணக்கு மட்டும் போதுமென்றால் சரி.

4–20 மில்லியாம்பியர் பழைய, நம்பகமான வழி. மிகக் குறைந்த அளவுக்கு 4, முழு அளவுக்கு 20 என்று மீட்டர் அளவைக் கரண்டாக அனுப்பும். 250 ஓம் ரெசிஸ்டரைப் போட்டால் 1 முதல் 5 வோல்ட் கிடைக்கும், அதைக் கணினியின் டேட்டா கார்டு படித்துக்கொள்ளும். கம்பி அறுந்தால் கரண்ட் சுழியாகிவிடும். அளவே குறைந்தால் 4-ல் நிற்கும். இந்த வித்தியாசம் ஒன்றுக்காகவே பாய்லர், டையிங் (சாயமேற்றும்) வெப்பநிலைக்கு இதை நான் விட மாட்டேன். ஆனால் ஒரு ஜோடிக் கம்பியில் ஒரே ஓர் அளவுதான் போகும். பத்து அளவு வேண்டுமானால் பத்து ஜோடி, பத்து சேனல். மீட்டர் எண்ணாக்கியதை மறுபடி கரண்டாக்கி, கார்டு அதைத் திரும்ப எண்ணாக்குவதால் டிஸ்ப்ளேயில் 150.0 இருக்கும்போது திரையில் 149.6 தெரியலாம்.

ஆர்எஸ்-485 என்ற கம்பி இணைப்பு, அதன்மேல் மாட்பஸ் என்ற கேள்வி-பதில் மொழி: புது மீட்டர் வாங்குபவருக்கு என் பரிந்துரை இதுதான். மாட்பஸ் 1979-ல் வந்தது, இன்றைக்கும் பெரும்பாலான மீட்டர்கள் இதைத்தான் பேசுகின்றன. ஒரே முறுக்குக் கேபிளில் 32 கருவிகள் வரை தொடராகக் கோக்கலாம். வேகம் குறைவாக வைத்தால் 1200 மீட்டர் தூரம் வரை போகும். கணினிப் பக்கம் ஒரு யூஎஸ்பி கன்வெர்ட்டர் போதும். நொடிக்கு 9600 பிட் வேகத்தில் பத்து மீட்டர் கருவிகளை ஒரு சுற்று கேட்டு முடிக்க ஓரிரு நொடிதான். மொத்த யூனிட் மீட்டருக்குள்ளேயே இருப்பதால் கணினி அணைந்து கிடந்தாலும் கணக்கு போகாது.

தொல்லையும் இதில்தான் அதிகம். எங்களுக்கு 230.4 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 24 இலக்கத்தில் ஓர் எண் வந்தது. மீட்டர் கெட்டுவிட்டது என்று கழற்றவே போய்விட்டோம். தசம எண் இரண்டு ரெஜிஸ்டர்களில் (மீட்டர் எண்களை வைத்திருக்கும் நினைவக இடங்களில்) வருகிறது, 4366, 6666 என்று பதினாறடிமான எண்களாக. நாங்கள் வரிசையை மாற்றிப் படித்திருந்தோம். சாஃப்ட்வேரில் ஒரு டிக் மாற்றியதும் சரியானது. ரெஜிஸ்டர் எண் ஒன்று தள்ளிப்போவதும் அடிக்கடி நடக்கும்: மேனுவலில் 40001 என்று இருப்பதைச் சாஃப்ட்வேரில் 0 என்று கேட்க வேண்டியிருக்கும். ஏ, பி டெர்மினல் பெயர்களைக் கம்பெனிக்குக் கம்பெனி மாற்றி அச்சிடுகிறார்கள். பதிலே வராவிட்டால் முதலில் அந்த இரண்டையும் மாற்றிப் பாருங்கள்.

டிரைவ் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) கேபிள் போகும் டிரேயில் இந்தக் கேபிளைப் போடாதீர்கள். மோட்டார் ஓடும்போது மட்டும் ரீடிங் விட்டுவிட்டு வந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். கேபிளைச் சுற்றியுள்ள உலோக உறையான ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள், கேபிளின் இரு கடைசியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். கன்வெர்ட்டர் ஐசொலேஷன் (இரு பக்கத்துக்கும் நேரடி மின்தொடர்பு இல்லாமை) உள்ளதாக இருக்கட்டும். அங்கே மிச்சம் பிடிக்கப் போய்க் கணினியின் போர்ட்டைப் பறிகொடுக்க வேண்டாம்.

ஈதர்நெட் மீட்டர் வசதியானது, விலை கூடுதல். மீட்டருக்கு மீட்டர் கேபிளும் ஐபி முகவரியும் வேண்டும். ஆனால் ஆர்எஸ்-485 கம்பியில் கேள்வி கேட்பவர் ஒருவர்தான் இருக்க முடியும், ஈதர்நெட்டில் மேனேஜர் கணினியும் எலக்ட்ரிகல் ரூம் கணினியும் ஒரே நேரத்தில் படிக்கலாம். அது தேவைப்படும் இடத்தில் எல்லா மீட்டரையும் மாற்றத் தேவையில்லை. ஆர்எஸ்-485 கேபிளின் முனையில் அதை ஈதர்நெட்டோடு இணைக்கும் ஒரு கேட்வே வைத்தாலே போதும். நாங்கள் இப்போது அப்படித்தான் ஓட்டுகிறோம்.

ஒவ்வொரு மீட்டரின் முகவரி, வேகம், பாரிட்டி (பிழை கண்டறியும் பிட் அமைப்பு), ரெஜிஸ்டர் வரிசை நான்கையும் பேனல் கதவின் உட்புறம் அழியாத பேனாவில் எழுதி ஒட்டியிருக்கிறோம். அடுத்து மீட்டர் மாற்ற வருபவர் அதைப் பார்த்தே வேலையை முடித்துவிடலாம்.