92,000 ரூபாய்க்கு வந்தது வெள்ளிப் பெயின்ட் அடித்த பழைய டீசல் பம்ப். தயவுசெய்து நீங்களும் ஏமாந்துவிடாதீர்கள்

நேற்று இரவுதான் அந்தப் பம்பை விற்ற ஆள் என்னை வட்ஸ்அப்பில் புளொக் பண்ணினார். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 92,000 ரூபாய்.

என்னுடையது டொயோட்டா டொல்பின் ஹையேஸ் வேன், 3எல் என்கிற டீசல் எஞ்சின். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் வைத்து கேம்பர் வேனாக மாற்றி, பாசிக்குடாவிலிருந்து அறுகம்குடா வரை வெளிநாட்டுக்காரருக்கு வாடகைக்கு விடுகிறேன். சீசனில் உழைத்தால்தான் மார்கழி மழைக்கு வீட்டில் சோறு.

போன மாதம் காலையில் ஸ்டார்ட் எடுக்கச் சுணங்கியது. எஞ்சினுக்கு டீசலை அளந்து அனுப்புகிற பம்பில், நாலு பைப்பும் வெளியே வருகிற தலைப்பக்கம், அடியில் டீசல் ஈரம். எங்கள் மெக்கானிக் அண்ணன் விரலால் தொட்டு மணந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது நல்ல பம்ப். உள்ளுக்கு ரப்பர் வளையம் காய்ஞ்சிட்டு, அவ்வளவுதான். சீல் கிட் மாத்தி, மெசின்ல வெச்சு அளவு பார்த்தாப் போதும்" என்றார். ஆனால் அந்த வேலை செய்கிற இடத்தில் பத்து நாள் வரிசை. எனக்கோ வெள்ளிக்கிழமை ஒரு பிரெஞ்சுக் குடும்பம் வருகிறது.

அவசரத்தில் போனில் தேடினேன். உதிரிப்பாகம் விற்கிற ஒரு ஓன்லைன் பக்கத்தில் "ரீகண்டிஷன் 3எல் பம்ப், 3 மாத வாரண்டி" என்று போட்டிருந்தார்கள். எழுதி ஐந்து நிமிடத்தில் வீடியோ வந்தது. பம்ப் சோதனை மெசினில் ஓடுகிறது, நாலு கண்ணாடிக் குழாயிலும் டீசல் ஒரே மட்டத்தில் ஏறி நிற்கிறது. அதைப் பார்த்தே பாதி நம்பிவிட்டேன். மீதியை அவருடைய பேச்சு பார்த்துக்கொண்டது. "அண்ணே, எனக்கும் கிழக்குத்தான் ஊர். நம்மட ஆக்களை நானே ஏமாத்துவனா?" விலை 112,000. பழைய பம்பை அனுப்பினால் 20,000 குறைப்பாராம். என்னுடைய பம்பைக் கழற்றி, துடைத்து, பார்சல் கட்டி அனுப்பினேன். 92,000 ரூபாயையும் ஒரேயடியாக வங்கியில் போட்டேன்.

பம்ப் வந்தது. புதுசு போல வெள்ளி நிறத்தில் மின்னியது. அண்ணன், எஞ்சினையும் பம்பையும் ஒன்றாகச் சுழற்றுகிற டைமிங் பெல்டின் குறிகளைச் சரிபார்த்து, டயல் கேஜ் வைத்து அளவெடுத்துத்தான் பூட்டினார். கல்முனை வரை ஓட்டிப் பார்த்தோம், ஒரு குறையும் இல்லை.

மூன்றாம் நாள் திருக்கோவில் தாண்டியதும் உள்ளே டீசல் மணம். இறங்கிப் பார்த்தால் பெல்ட் மூடிக்குக் கீழே சொட்டுச் சொட்டாக விழுகிறது. சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் உள்ளே தூங்குகிறார்கள். வேறு வேன் பிடித்து, என் காசிலேயே அவர்களை அறுகம்குடாவுக்கு அனுப்பி வைத்தேன்.

அண்ணன் வந்து மூடியைத் திறந்தார். பெல்ட் டீசலில் ஊறி வீங்கியிருந்தது. அது ஓட்டத்தில் அறுந்திருந்தால் வால்வு பிஸ்டனில் அடித்து எஞ்சினே போயிருக்கும். பம்பைக் கழற்றி, முன் சீலை எடுத்துவிட்டு, "இதில நகத்தை வெச்சுப் பாரு" என்று பெல்ட் சுழற்றுகிற தண்டை, ஷாஃப்டைக் காட்டினார். சீல் உட்காருகிற இடத்தில் நகம் சிக்குகிற அளவுக்குச் சுற்றிவரப் பள்ளம். இதில் புதுச் சீல் போட்டாலும் நிற்காது. அக்சிலேட்டர் வயர் மாட்டுகிற லீவருக்கு அடியில் பெயின்டைச் சுரண்டினால் பழைய கறுப்பு எண்ணெய்க் கசடு அப்படியே இருக்கிறது. கழுவவுமில்லை, மேலாலேயே அடித்திருக்கிறார்கள். நம்பர் தகடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டைதான். வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பம்பில் தகடு இருக்கிறது!

அப்புறம் தொடங்கியது அலைச்சல். முதலில் "பிட்டிங் பிழை அண்ணே" என்றார். டயல் கேஜ் வைத்த படத்தை அனுப்பினேன். "உங்கட டீசல் சரியில்லை" என்றார். ஷாஃப்ட் படத்தை அனுப்பினேன். "நீங்க திறந்தபடியா வாரண்டி இல்லை" என்றார். சரி, பணம் வேண்டாம், என் பழைய பம்பையாவது திருப்பித் தாருங்கள் என்று கெஞ்சினேன். "அது அன்றைக்கே வித்தாச்சு." அதற்குப் பிறகு ஒரு வாரம் "மீட்டிங்ல நிக்கிறன்", "நாளைக்கு எடுங்க" என்றே போனது. பொலிஸ் என்று எழுதியதும் புளொக். 92,000 ரூபாயும் போய், சீல் மாத்தினாலே ஓடியிருக்கக்கூடிய என் நல்ல பம்பும் போய், வேன் மாமரத்துக்குக் கீழே நிற்கிறது.

வாங்கத்தான் வேண்டுமென்றால் நம்பர் தகட்டைப் படம் கேளுங்கள், வருகிற பம்பில் அதே நம்பர் இருக்கிறதா பாருங்கள். முழுப் பணத்தையும் முதலே போடாதீர்கள். பூட்ட முதல் ஷாஃப்டைக் கையால் தடவிப் பாருங்கள். பழைய பம்பை மட்டும் எந்தக் காரணத்துக்கும் கொடுக்காதீர்கள். நுகர்வோர் அதிகார சபை இலக்கம் 1977, நான் இன்று அழைக்கப் போகிறேன்.

இன்னொன்று. என் பம்பின் பக்கத்தில், லீவருக்குக் கீழே, அண்ணன் சென்டர் பஞ்சால் மூன்று புள்ளி முக்கோணமாகக் குத்தியிருக்கிறார். அப்படி ஒரு 3எல் பம்ப் யாருக்காவது விலைக்கு வந்தால், விற்கிறவர் யார் என்று எனக்குச் சொல்லுங்கள்.